கழுத்துக்குக் கீழே நனையக்கூடாது

“குடத்தை என்னால தூக்க முடியாது” என்று சௌம்யா சொன்னதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

ஜோகுபாளையத்தில் அது ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் ஸ்கூட்டர் ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு. அதையும் அடைத்து ஷாமியானா போட்டு, நடுவில் ஐஸ் பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் சௌம்யாவின் அக்கா வித்யாலட்சுமி கிடந்தாள். விடிகாலை நாலரைக்கு உயிர் போயிருந்தது. இப்போது மணி பத்து. பன்னிரண்டுக்குள் கல்பள்ளி மயானத்துக்கு எடுத்துவிட வேண்டும் என்று ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள்.

குடத்தை நீட்டிக்கொண்டு நின்றவள் ஜகதாம்பாள். அக்கா புருஷன் தேசிகனின் கூடப்பிறந்த மூத்தவள். அறுபது தாண்டியும் முதுகு வளையாதவள், வாயும் வளையாதவள். கல்யாணமோ சாவோ, அந்த வீட்டில் முறை சொல்வது அவள்தான். சுமங்கலியாகப் போனவளுக்குப் பிறந்த வீட்டுப் பெண் முதல் குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும், கோடிச் சேலை போர்த்த வேண்டும், பிணம் போனபிறகு தலைமுழுகிவிட்டு வந்து தலைமாட்டில் விளக்கேற்ற வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் போனவள் போகமாட்டாள் என்பது அவர்கள் வீட்டு நம்பிக்கை. வித்யாலட்சுமிக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை. பிறந்த வீடு என்று பாக்கி இருப்பது சௌம்யா ஒருத்திதான்.

“ஏன் முடியாது?” என்றாள் ஜகதாம்பாள்.

“ஆபரேஷன் ஆகியிருக்குக்கா. வெயிட் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“ஹெர்னியாதானே? எங்க மாமியார் ஹெர்னியாவை வெச்சுக்கிட்டே பத்து வருஷம் மாவாட்டினாங்க.”

யாரோ ஒருத்தி கிளுக்கென்று சிரித்துவிட்டு, சாவு வீடு என்று ஞாபகம் வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு லட்சுமம்மாதான், “ஹோக்லி பிடி ஜகதா”, போகட்டும் விடு என்று கன்னடத்தில் சமாதானம் சொல்லிக் குடத்தை வாங்கிக்கொண்டு தெருமுனைக் குழாய்க்கு நடந்தாள். ஜகதாம்பாள் விடவில்லை. வேதக்காரன் வீட்டுக்குப் போனவளுக்கு நம்ம முறை எப்படி ஞாபகம் இருக்கும் என்று காற்றோடு பேசுகிற மாதிரி பேசினாள். தெருமுனையில் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு நின்றிருந்த சௌம்யாவின் கணவன் ஓஸ்வால்டுக்கும் அது கேட்டது. கிறிஸ்தவனான அவன் பதினைந்து வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டிருப்பவன், செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சொல்லப்போனால் குடம் இரண்டாவது குற்றம்தான். முதல் குற்றம் ஆட்டோவை விட்டு இறங்கின நிமிஷமே நடந்து முடிந்துவிட்டது.

அக்கா மகள் அனன்யா இருபத்துநாலு வயசுப் பெண். சித்தியைப் பார்த்ததும் ஐஸ் பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கையை விரித்தபடி ஓடி வந்தாள். சாவு வீட்டில் ஜென்மப் பகையாளிகள்கூடக் கட்டிக்கொண்டு அழுவார்கள். சௌம்யா என்ன செய்தாள் என்றால், இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டி, “வேணாம், வேணாம்” என்று தடுத்தாள். யோசித்துச் செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்துவிட்டது. அனன்யா அந்தக் கைகளுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள். நீட்டியிருந்த கைகளைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான், திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்கப்புறம் சித்தி இருக்கிற பக்கம் ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஹெர்னியா என்பது தேசிகன் வைத்த பெயர். நடந்தது வேறு. பத்தொன்பது நாளைக்கு முன்னால் சௌம்யாவுக்கு ஒரே மயக்கத்தில் இரண்டு மார்பையும் எடுத்து, சினைப்பை இரண்டையும் எடுத்திருந்தார்கள். வியாதி வந்து எடுத்ததல்ல. வரும் என்று ரத்தத்தில் எழுதியிருந்ததால் வருவதற்கு முன்னாலேயே எடுத்தது. நெஞ்சில் இந்த அக்குளிலிருந்து அந்த அக்குள்வரை இரண்டு கோடுகள். இடது பக்கக் குழாயைப் போன வாரம் உருவிவிட்டார்கள். வலது பக்கம் இன்னும் இருந்தது. அதன் முனையில் கசிகிற நீரைச் சேர்க்கும் பிளாஸ்டிக் டப்பா. அதை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டி, மேலே துப்பட்டாவை மூடிக்கொண்டு வந்திருந்தாள். சாவுக்குச் சுடிதாரில் வந்திருக்கிறாள் என்றும் அதற்கொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் மூன்று விஷயம் சொல்லி அனுப்பியிருந்தார். கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது. இரண்டு கிலோவுக்கு மேல் எடுக்கக்கூடாது. குழாய் இருக்கிறவரை கழுத்துக்குக் கீழே நனையக்கூடாது. வீட்டில் அதை ஒரு தாளில் எழுதி ஓஸ்வால்ட் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தான். ஏழாவது படிக்கிற மகன் தினமும் காலையில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவான்.

எல்லாம் அக்காவிடமிருந்துதான் தொடங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வித்யாலட்சுமிக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு ரத்தப் பரிசோதனையும் சேர்த்து எடுத்தார்கள். இது குடும்பத்தில் இறங்குகிற வகை, தங்கையும் மகளும் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தேசிகனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். சௌம்யாவின் அம்மா நாற்பத்துமூன்று வயதில் வயிற்றுக் கட்டி வந்து செத்தது எதனால் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. தேசிகன் ரிப்போர்ட்டை நாலாக மடித்து பீரோவில் வைத்துப் பூட்டினார். மகளுக்கு ஆனேக்கல்லில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். இந்த மாதிரி ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது என்று தெரிந்தால் எவன் கட்டுவான்? கூடப்பிறந்த ஜகதாம்பாளிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. அம்மாவுக்குக் கேன்சர் என்று அனன்யாவுக்குத் தெரியும், ஒவ்வொரு கீமோவுக்கும் கூடவே போய்வந்தவள் அவள்தான். டாக்டர் பேசக் கூப்பிட்டால் மட்டும் தேசிகன், “நீ வெளிய உட்காரும்மா” என்பார்.

வித்யாலட்சுமிதான் ஒருநாள் போனில் தங்கையிடம் சொன்னாள். போய்ப் பார்த்துக்கொள் என்றாள். சொன்ன கையோடு சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

“அனுகிட்ட நீ வாயைத் திறக்காத. நிச்சயம் முடியட்டும், நானே சொல்றேன். என் தலை மேல சத்தியம் பண்ணு.”

சௌம்யா பண்ணினாள். நிச்சயமும் முடிந்தது. அக்கா சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றாள். தனக்கு ஆபரேஷன் தேதி குறித்தாயிற்று என்று சொல்வதற்காகக் கடைசியாகப் போன் செய்தபோது அக்கா, “போ. நீயாவது வெட்டிப் போட்டுட்டு உயிரோட இரு” என்றாள். போன் கட்டாகிவிட்டது. அதுதான் அவள் குரலைக் கேட்டது கடைசி. அதற்கப்புறம் இவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள், அவள் வீட்டுக் கட்டிலில் கிடந்தாள்.

செத்தவள் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். சௌம்யாவுக்குக் கோபமாகத்தான் இருந்தது. பெட்டிக் கண்ணாடிக்குள் மஞ்சள் பூசிக் கிடந்த முகத்தைப் பார்த்து, ஏண்டி சொல்லல, இப்ப யார் சொல்லுவா என்று மனசுக்குள் கத்தினாள். அழுகை வரவில்லை. அதற்குப் பதில் வயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி நெஞ்சு, கழுத்து, காது என்று ஏறியது. சினைப்பையை எடுத்ததிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து தரம் இப்படி வருகிறது. முகம் சிவந்து, மேலுதட்டில் வேர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. எதிரே இருந்த ஜகதாம்பாள் அதைப் பார்த்துவிட்டு, கண்ணுல வரலை, வேர்வையாவது வருதே என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

பக்கத்திலிருந்தவள் ஆனேக்கல் சம்பந்தியம்மா. வருஷம் திரும்புவதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும், விட்டால் மூணு வருஷம் தள்ளிப்போகும் என்று ஜகதாம்பாள் அவளிடம் விளக்கிக்கொண்டிருந்தாள். எதற்கு வருஷம் வரை, இரண்டு மாசத்திலேயே ஒரு நாள் பார்த்துவிடலாம் என்றாள் சம்பந்தியம்மா. இத்தனையும் பிணத்துக்கு மூன்றடி தள்ளி நடந்தது. அனன்யா அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து வாடகை ஐஸ் பெட்டியின் ஒயரை வெறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாசம் என்று சௌம்யா கணக்குப் போட்டாள். ரத்தம் கொடுத்து முடிவு வர மூன்று வாரம், நாலு வாரம் ஆகும்.

எழுந்து அந்தப் பெண் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். இரண்டாவது எட்டுக்குள் தேசிகன் வந்து குறுக்கே நின்றார். காலையிலிருந்து அழுது அழுது கண் வீங்கியிருந்த மனிதர். வீட்டுக்கும் பக்கத்து மதிலுக்கும் நடுவில் இருந்த சந்துக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போகாத குறையாக அழைத்துப் போனார்.

“என்ன, அனுகிட்ட ஏதாச்சும் ஊதலாம்னு பார்க்கறியா?”

“அவளுக்குத் தெரியணும் மாமா. அக்கா சொல்றேன்னு சொன்னா. சொல்லலையே.”

“சொல்லலைன்னா, சொல்ல வேணாம்னு அவளே முடிவு பண்ணிட்டான்னு அர்த்தம். நீ உனக்கு வேணும்ங்கறதை எல்லாம் அறுத்துக்கிட்ட. உனக்குப் புருஷன் இருக்கான், புள்ளை இருக்கு. அவ இனிமேதான் வாழணும்.”

“வாழணும்னுதான் மாமா நானும் சொல்றேன்.”

தேசிகன் குரலைத் தாழ்த்தினார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

“இன்னிக்கு ஒரு வார்த்தை வெளிய வந்துச்சு, இந்த வாசலை நீ மறுபடி மிதிக்க முடியாது. அவளே உன்னை உள்ள விடமாட்டா. அவ அம்மா மூணு வாரம் கிடையா கிடந்தப்போ நீ எட்டிப் பார்க்கலைன்னு அவ கொதிச்சுப் போயிருக்கா. நான் ஒண்ணும் சொல்லித் தரலை.”

ஹெர்னியா என்று சொன்னதே அவர்தானே. ஹெர்னியாவுக்கு மூன்று வாரம் படுக்கிறவளை எவள் மன்னிப்பாள்? சௌம்யாவின் நாக்கு நுனிவரை வந்தது. தலை மேல் செய்த சத்தியம் அதைப் பிடித்து உள்ளே இழுத்தது. மென்று முழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

பெட்டியிலிருந்து எடுத்து பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினார்கள். நாலு பெண்கள் நாலு பக்கமும் சேலையை விரித்துத் திரை பிடிக்க வேண்டும். ஜகதாம்பாள் ஒரு முனையைக் கொண்டுவந்து சௌம்யாவின் கையில் திணித்தாள். குடந்தான் கனம், சேலையுமா கனம் என்றாள். சௌம்யா இடுப்பு உயரத்துக்குப் பிடித்தாள். அந்த மூலை தொங்கியது.

“தூக்கிப் பிடி. அந்தப் பக்கம் ஆம்பளைங்க நிக்கிறாங்க. உங்கக்கா மானம் போகுது.”

உண்மைதான். திரைக்கு அப்பால் ஆனேக்கல்காரர்களும் தெருக்காரர்களும் நின்றிருந்தார்கள். சௌம்யா முனையைத் தூக்கினாள். தோள்வரை வந்தது. அதற்குமேல் தூக்கியபோது வலது அக்குளில் ஏதோ சுள்ளென்று இழுத்து, பிறகு விட்டுக்கொடுத்தது. தலைக்கு மேல் கையை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். துணிப்பைக்குள் டப்பா இளஞ்சூடாவது இடுப்பில் தெரிந்தது.

உள்ளே அனன்யா சொம்பு சொம்பாக அம்மாவின் மேல் ஊற்றினாள். வித்யாலட்சுமியின் உடம்பு பாதியாகியிருந்தது. தொப்புளிலிருந்து அடிவயிறுவரை நீளமான வெட்டுத் தழும்பு. மார்பு இரண்டும் இருந்தன. வற்றிச் சரிந்து, இருந்தன. சௌம்யா பார்வையை விலக்கவில்லை. ஒருத்தி ஒன்றும் குறையாமல் செத்துப்போனதாகவும் தான் திருடிப் பிழைத்ததாகவும் இத்தனை பேரும் நினைக்கிறார்களே என்று இருந்தது. அவளுக்கே அப்படித்தான் தோன்றியது, அதுதான் கொடுமை. அனன்யா நிமிர்ந்தபோது சித்தியின் கை வெடவெடவென்று ஆடுவது கண்ணில் பட்டது. ஒரு கணம் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

கோடிச் சேலையை சௌம்யாதான் போர்த்தினாள். அரக்கில் பச்சைக் கரை, காலையில் ஓஸ்வால்ட் கமர்ஷியல் ஸ்ட்ரீட் கடைக்காரன் ஒருவனை வீட்டிலிருந்து எழுப்பி வாங்கிவந்தது. அதற்கு யாரும் குறை சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் கிடைத்திருக்காது.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வண்டி கிளம்பியது. அனன்யா பின்னாலேயே தெருமுனைவரை ஓடினாள். பொம்பளைப் பிள்ளை மயானத்துக்கு வரக்கூடாது என்று இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். தேசிகன் கொள்ளிச் சட்டியோடு வண்டியில் ஏறும்போது திரும்பி சௌம்யாவைத்தான் பார்த்தார். ஓஸ்வால்டும் மற்ற ஆண்களோடு போனான். ஒருவரும் அவனைக் கூப்பிடவில்லை, அவனாகப் பின்னால் நடந்தான்.

ஆண்கள் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஒவ்வொருத்தியாகக் குளித்துவிட்டு வந்து ஈரத்தலையோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே பாத்ரூம், ஒரே பக்கெட், அதனால் நேரம் ஓடியது. வித்யாலட்சுமியின் தலை இருந்த இடத்தில் அரிசி பரப்பி அகல் விளக்கை வைத்து, திரியும் போட்டு, ஏற்றாமல் வைத்திருந்தார்கள். எல்லார் கண்ணும் சௌம்யாவின் மேல் வந்து நின்றது.

வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொள்கிறேன், மர்பி டவுன் பத்து நிமிஷம்தான், விளக்கை வேறு யாராவது ஏற்றட்டும் என்று சௌம்யா சொன்னாள். சொல்லும்போதே அது எடுபடாது என்று தெரியும்.

“குடம் தூக்கலை, விட்டேன்” என்றாள் ஜகதாம்பாள். “பெத்த பொண்ணு மாதிரி இருக்கறவ கட்டிக்க வந்தா, கையை நீட்டித் தள்ளின. அதையும் விட்டேன். விளக்கு ஏத்தாம இந்த வாசப்படியைத் தாண்டினா விடமாட்டேன். செத்தவ என் தம்பி பொண்டாட்டி. இருட்டுல நிக்க விடமாட்டேன் அவளை.”

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. அப்போதுதான் சௌம்யாவுக்கு உறைத்தது, இந்தக் கிழவிக்கு அக்காவைப் பிடித்திருக்கிறது என்று. இந்தப் பிடுங்கலெல்லாம் அதனால்தான். சண்டை போட இருந்த கடைசித் தெம்பும் அதோடு போய்விட்டது.

“என்னால கையைத் தூக்கித் தலையில ஊத்திக்க முடியாதுக்கா. உண்மையா முடியாது.”

“அவ்வளவுதானே. அனு, போ. உங்க சித்திக்கு மூணு சொம்பு ஊத்திவிடு. மகாராணிக்குக் கை வரலையாம்.”

தேசிகன் இருந்திருந்தால் பாய்ந்து வந்து தடுத்திருப்பார். அவர் கல்பள்ளியில் இருந்தார். தடுக்க வேண்டிய காரணம் ஜகதாம்பாளுக்குத் தெரியாது. தம்பி அவளிடம் சொல்லவில்லை.

அனன்யா எழுந்து பாத்ரூமுக்குள் போனாள். சௌம்யா பின்னால் போய்க் கதவைச் சாத்தி, இடது கையால் கொண்டியைப் போட்டாள். சின்ன பாத்ரூம். மூலையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருந்தது, வித்யாலட்சுமி கடைசி நாட்களில் உட்கார்ந்து குளித்தது. அனன்யா அதைக் காலால் நகர்த்தி நடுவில் போட்டாள்.

சௌம்யா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சட்டையின் முன்பக்கப் பொத்தான்களைக் கழற்றித் தோளிலிருந்து இறக்கினாள். துப்பட்டாவை நெஞ்சில் சுற்றி இறுக்கிக்கொண்டாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். தலையில் மட்டும் ஊத்து, கழுத்துக்குக் கீழே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்போது முதல் சொம்பு உயரத்திலிருந்து சடாரென்று விழுந்தது. பச்சைத் தண்ணீர். தலையில் மோதித் தோளில் வழிந்து முன்பக்கமும் இறங்கியது. சௌம்யா வலியில் முனகிவிட்டாள்.

“ஹெர்னியா வயித்துலதானே” என்றாள் அனன்யா. “தோள்ல பட்டா உங்களுக்கு என்ன வலி?”

சௌம்யா துப்பட்டாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

“அம்மா பதினெட்டு நாள் சௌமி வந்தாளா, சௌமி வந்தாளான்னு கேட்டாங்க. நான் ஒவ்வொரு தடவையும் வந்துட்டே இருக்காங்கன்னு பொய் சொன்னேன். கடைசியில அவங்களுக்கு யார் குரல்னே தெரியலை. நான்தான் நீங்கன்னு நெனைச்சுக்கிட்டாங்க. என் கையைப் புடிச்சுக்கிட்டு, அவகிட்ட நீயே சொல்லிடுடி, என்னால முடியலைன்னாங்க. எவகிட்ட, என்ன சொல்லணும்னு எனக்கு என்ன தெரியும்? நான் உங்களைத்தான் திட்டினேன், மனசுக்குள்ள.”

பக்கெட்டில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. சௌம்யா மடியிலிருந்த பையை இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அவகிட்ட நீயே சொல்லிடுடி. அக்கா சத்தியத்திலிருந்து அவிழ்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவிழ்த்தது தெரியாமல் இவள் காலையிலிருந்து அந்தக் கட்டோடு நின்றிருக்கிறாள். இந்தப் பெண்ணோ, தனக்கு வந்த செய்தியைத் தனக்கென்றே தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது அழுகை வந்தது. தலையிலிருந்து வழிகிற தண்ணீரோடு அதுவும் போயிற்று.

“முன்னால வா அனு” என்றாள்.

அனன்யா வரவில்லை. சௌம்யாவே முக்காலியில் மெல்லத் திரும்பி உட்கார்ந்தாள். ஈரமான துப்பட்டாவை எடுத்து மடியில் போட்டாள்.

தட்டையான நெஞ்சு. இரண்டு கோடுகள், அவற்றின் மேல் குறுக்கே ஒட்டியிருந்த காகித நாடாக்கள் பாதி பிய்ந்திருந்தன. வலது அக்குளுக்குக் கீழே தையல் போட்ட ஓட்டையிலிருந்து ஒரு குழாய் வளைந்து பைக்குள் போயிற்று. குழாய்க்குள் புது ரத்தம் சிவப்பாக நின்றிருந்தது.

சொம்பு அனன்யாவின் கையிலேயே இருந்தது. அவள் முதலில் கோடுகளைப் பார்த்தாள். பிறகு குழாயைத் தொடர்ந்து போய் டப்பாவைப் பார்த்தாள். வாசலில் தன்னைத் தடுத்த கைகளை அவள் நினைத்துக்கொண்டது சௌம்யாவுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அவள் பார்வை அந்தக் கைகளுக்குப் போய் அங்கேயே நின்றது.

“கேன்சரா?”

“இல்ல. வர்றதுக்கு முன்னாடி எடுத்தது. மேலயும் கீழயும். எங்கம்மாவுக்கு இருந்தது, உங்கம்மாவுக்கு இருந்தது, எனக்கும் ரத்தத்துல இருக்குன்னு டெஸ்ட்ல வந்துச்சு. உங்கம்மாதான் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னா.”

அனன்யா சொம்பைக் கீழே வைத்தாள். கேட்டபோது குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது.

“எனக்கு?”

“தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெண்டுல ஒண்ணு. கொஞ்சம் ரத்தம் குடுத்தா போதும். இருந்தாலும் உடனே இப்படி வெட்டணும்னு இல்ல. பார்த்துக்கிட்டே வரலாம். ஆனா தெரிஞ்சிருக்கணும்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

சௌம்யா துப்பட்டாவைப் பிழிந்தாள். இடது கையால் மட்டும் பிழிய வரவில்லை. அனன்யா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இன்னொரு தடவை கேட்கவில்லை.

வெளியே தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆண்கள் திரும்பிவிட்டார்கள். வாசலில் தண்ணீர் ஊற்றிக் கால் கழுவுகிற சத்தம், ஜகதாம்பாள் யாரையோ அதட்டுகிற சத்தம். அதற்கு நடுவே தேசிகனின் குரல்.

“அனு எங்கேக்கா?”

“பாத்ரூம்ல. அவ சித்திக்குத் தண்ணி ஊத்தறா. நான்தான் அனுப்பினேன், அவளுக்குக் கை தூக்க வரலையாம்.”

 ஈரக்கால்கள் பாத்ரூம் பக்கம் வேகமாக வந்தன. கதவுக்கு வெளியே நின்றன. கதவின் அடியிலிருந்த இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்தது. தட்டவில்லை, கூப்பிடவும் இல்லை.

அனன்யா அந்த நிழலைப் பார்த்தாள். பிறகு கெய்சரைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட்டில் விழுகிற தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தாள். சூடு வருகிறவரை காத்திருந்தாள். அவசரப்படவில்லை. கொடியில் கிடந்த அம்மாவின் துண்டை எடுத்து சௌம்யாவின் நெஞ்சை ஒற்றித் துடைத்தாள். கோடுகளின் மேல் கை போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“குனிங்க சித்தி.”

சௌம்யா குனிந்தாள். அனன்யா இடது உள்ளங்கையைக் குறுக்கே வைத்து அவள் கழுத்தில் வரப்புப் போல அணைகட்டினாள். மறுகையால் இரண்டாவது சொம்பை மெதுவாக ஊற்றினாள். தண்ணீர் உச்சியில் விழுந்து, முடி வழியாக இறங்கி, அந்தக் கையில் முட்டி, திரும்பித் தரையில் ஓடியது. கதவடியில் நிழல் அப்படியே நின்றிருந்தது. அவள் மூன்றாவது சொம்பை மொண்டாள்.

கழுத்துக்குக் கீழே ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.